நானாவதி வழக்கு: ஒன்றரை மணிக்கும் நாலு இருபதுக்கும் நடுவே

1959 ஏப்ரல் 27, திங்கட்கிழமை. பம்பாய். ஐஎன்எஸ் மைசூர் போர்க்கப்பலில் இரண்டாம் நிலைப் பொறுப்பில் இருந்த கமாண்டர் கவாஸ் மானெக்‌ஷா நானாவதி, பணி முடிந்து 18ஆம் தேதிதான் வீடு திரும்பியிருந்தார். அன்றிலிருந்து மனைவி விலகி விலகியே இருந்தார். 27ஆம் தேதி மதியச் சாப்பாட்டுக்குப் பின் நானாவதி நேராகவே கேட்டார்: நீ எனக்கு உண்மையாக இருக்கிறாயா? மனைவி இல்லை என்று தலையசைத்தார். ஆள் யார் என்பது நானாவதிக்கு உடனே புரிந்துவிட்டது. கார் வியாபாரம் செய்துவந்த பிரேம் அஹுஜா. குடும்ப நண்பர்கள் மூலம் அறிமுகமாகி வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தவர்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வழக்கே அதில்தான் இருக்கிறது.

அஹுஜாவிடம் போய் விஷயத்தைத் தீர்த்துவிடுகிறேன் என்று கிளம்பினார் நானாவதி. போகாதீர்கள், அவர் சுட்டுவிடுவார் என்று மனைவி தடுத்தார். எப்படியும் நானே என்னைச் சுட்டுக்கொள்ளப் போகிறேன் என்றார் நானாவதி. அப்புறம் மனைவி, இரண்டு பிள்ளைகள், பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்று என எல்லோரையும் காரில் ஏற்றிக்கொண்டு போய் மெட்ரோ தியேட்டரில் இறக்கிவிட்டார். படம் முடிந்ததும் ஆறு மணிக்கு வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டு, கப்பலுக்கு வண்டியை விட்டார். வீட்டு நாய்க்கு உடம்பு சரியில்லை. அதற்கு மருந்து வாங்கப் போனதாகப் பின்னால் சொன்னார். கப்பலில் இருந்தவர்களிடம், இரவில் தனியாக அகமதுநகர் வரை கார் ஓட்டிப் போகிறேன், துணைக்குத் துப்பாக்கி வேண்டும் என்று சொல்லி, ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும் வாங்கினார். அதை ஒரு பழுப்பு நிற உறையில் போட்டுக்கொண்டார். அஹுஜாவின் அலுவலகத்துக்குப் போனார், ஆள் இல்லை. வீட்டுக்குப் போனார். வேலைக்காரர் கதவைத் திறந்தார். நேராகப் படுக்கையறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார். அஹுஜா அப்போதுதான் குளித்துவிட்டு, இடுப்பில் துண்டோடு நின்றிருந்தார்.

சில நொடிகளில் மூன்று குண்டுகள். வெளியே வந்த நானாவதி காரில் ஏறிப் போய், துணை கமிஷனர் லோபோவிடம் சரணடைந்தார். தியேட்டரிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவர வேண்டிய ஆறு மணிக்கு அவர் போலீஸ் காவலில் இருந்தார்.

அறைக்குள் என்ன நடந்தது என்பதற்கு நானாவதி சொன்ன கதை இது. அஹுஜாவைத் திட்டி, என் மனைவியைக் கல்யாணம் செய்துகொண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாயா என்று கேட்டாராம். என்னோடு படுத்த பெண்களையெல்லாம் நான் கட்டிக்கொள்ள முடியுமா என்று பதில் வந்ததாம். ஆத்திரத்தில் உறையைப் பக்கத்து அலமாரி மேல் வைத்துவிட்டு அடிக்கப் பாய்ந்தபோது, அஹுஜா உறையைப் பிடிக்கக் கை நீட்ட, இவர் துப்பாக்கியை உருவ, இருவரும் கட்டிப் புரண்டதில் அது தானாக வெடித்துவிட்டது.

இந்தக் கதையில் இரண்டு தற்காப்பு வாதங்கள் இருக்கின்றன. கை தவறி வெடித்தது என்பது முதலாவது. அன்றைய இந்திய தண்டனைச் சட்டம் 80ஆவது பிரிவின்படி விபத்து என்றால் குற்றமே இல்லை. அஹுஜா சொன்ன பதிலில் புத்தி பேதலித்துவிட்டது என்பது இரண்டாவது. 300ஆவது பிரிவின் முதல் விலக்கின்படி, கடுமையான, திடீரான ஆத்திரமூட்டலால் தன்னை இழந்து ஒருவரைக் கொன்றால் அது கொலைக்குற்றம் ஆகாது. வக்கீல்கள் ஒன்று போனால் இன்னொன்று என்று இரண்டையும் வைப்பது வழக்கம்தான். ஆனால் இங்கே இரண்டும் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்கின்றன. துப்பாக்கி தானாக வெடித்தது என்றால் கோபத்தில் சுடவில்லை. கோபத்தில் சுட்டார் என்றால் தானாக வெடிக்கவில்லை. விபத்து என்பதுதான் பிரதான வாதம் என்று ஆனபோதே ஆத்திர வாதம் பாதி பலம் இழந்துவிட்டது என்பது என் கருத்து. பிற்பாடு இந்த வழக்கைக் கதையாகச் சொன்னவர்கள் எல்லோரும் ஆத்திரத்தைத்தான் பெரிதாக்கினார்கள். கோர்ட்டில் அதிக நேரம் எடுத்துக்கொண்டது விபத்துதான்.

1959 செப்டம்பரில் பம்பாய் செஷன்ஸ் கோர்ட்டில், நீதிபதி ரத்திலால் பாய்சந்த் மேத்தா முன்பு, ஒன்பது பேர் கொண்ட ஜூரியோடு (குற்றவாளியா இல்லையா என்று சொல்லும் பொதுமக்கள் குழு) விசாரணை தொடங்கியது. நானாவதிக்காக வாதாடியவர் கார்ல் கண்டாலாவாலா. ஊர் முழுக்க நானாவதி பக்கம். ஆர்.கே. கரஞ்சியாவின் பிளிட்ஸ் வார இதழ் அவரை ஏமாற்றப்பட்ட வீரனாகவும் அஹுஜாவைப் பணக்கார மன்மதனாகவும் வாராவாரம் எழுதித் தள்ளியது. வெள்ளைச் சீருடையும் பதக்கங்களுமாகக் கோர்ட்டுக்கு வந்த அதிகாரியைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. மனைவி கணவர் பக்கச் சாட்சியாகவே கூண்டேறினார். அஹுஜாவுக்காகப் பேச அவருடைய சகோதரியை விட்டால் அதிகம் பேர் இல்லை. அந்தக் குடும்பத்தின் சார்பில் அரசுத் தரப்புக்குத் துணையாக உட்கார்ந்திருந்த இளம் வக்கீலின் பெயர் ராம் ஜெத்மலானி.

அக்டோபர் 21 அன்று ஜூரி எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சொன்னது: குற்றவாளி அல்ல. 302இன் கீழும் இல்லை, 304இன் கீழும் இல்லை.

அதாவது கொலைக்குற்றம் இல்லை என்று மட்டும் அல்ல, குறைந்த குற்றம்கூட இல்லை என்று. பிரிவு 304 எதற்கு இருக்கிறது? ஒருவர் இறந்துபோனார், அதற்கு இன்னொருவர் காரணம் என்பது 299இல் தொடங்குகிறது. எந்த எண்ணத்தோடு, எந்த அறிவோடு செய்தார் என்று பார்த்து அது 300இன் கீழ் கொலைக்குற்றம் ஆகிறதா என்று முடிவு செய்கிறார்கள். கொலைக்குற்றம் ஆகிவிட்டால் 302இன்படி மரண தண்டனை அல்லது ஆயுள். 300இல் உள்ள ஐந்து விலக்குகளில் ஒன்று பொருந்தினால் அதே சாவு 304க்கு இறங்கும். தண்டனை அதிகபட்சம் பத்து ஆண்டாகக் குறையலாம்; கொல்லும் எண்ணத்தோடு செய்ததைப் பேசும் அதன் முதல் பாகத்தில் ஆயுள்கூட வரலாம். இறங்குகிறது, மறைவதில்லை. நானாவதிக்கு ஆத்திர விலக்கை முழுசாகக் கொடுத்திருந்தாலும் 304இல் குற்றவாளிதான். ஜூரி அதையும் சேர்த்துத் தள்ளிவிட்டது என்றால், விபத்துக் கதையை நம்பியது என்று அர்த்தம். அல்லது சட்டத்தைப் பற்றிக் கவலையே படவில்லை என்று அர்த்தம்.

நீதிபதி மேத்தா இதை ஏற்கவில்லை. அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 307ஆவது பிரிவு, ஜூரியின் தீர்ப்போடு ஒத்துப்போக முடியாது என்றால் வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம் என்றது. புத்தியுள்ள எந்தக் குழுவும் இந்தச் சாட்சியத்தை வைத்து இந்த முடிவுக்கு வர முடியாது என்று எழுதி அனுப்பினார்.

பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஷெலத், நாயக். அரசுத் தரப்பில் ஒய்.வி. சந்திரசூட், பிற்காலத்தில் இந்தியத் தலைமை நீதிபதி ஆனவர். அங்கே வெளியே வந்த ஒரு விஷயம், குறை ஜூரியிடம் மட்டும் இல்லை என்பது. மேத்தா ஜூரிக்குச் சட்டத்தை விளக்கியபோது ஒன்றைச் சொல்லாமல் விட்டிருந்தார். கொலையை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. அது எப்போதும் மாறாது. ஆனால் இது விபத்து, எனக்கு விலக்கு உண்டு என்று ஒருவர் சொன்னால், அதைக் காட்ட வேண்டிய பொறுப்பு அன்றைய சாட்சியச் சட்டம் 105இன்படி அவருடையது. அவர் காட்டும்வரை அப்படி ஒரு சூழ்நிலை இல்லை என்றே கோர்ட் எடுத்துக்கொள்ளும். இதை யாரும் சொல்லாததால் ஜூரி, விபத்து இல்லை என்று அரசுதான் நிரூபிக்க வேண்டும் என நினைத்துக்கொண்டிருக்கலாம். வழிகாட்டலே தவறு என்று சாட்சியம் முழுவதையும் ஷெலத் தானே புதிதாக எடைபோட்டார். எந்த நியாயமான ஜூரியும் இப்படிச் சொல்லியிருக்க முடியாது என்ற வழியில் நாயக் போனார். இருவரும் சேர்ந்த இடம் ஒன்றுதான்: 302, ஆயுள் தண்டனை. தேதி 1960 மார்ச் 11.

விபத்துக் கதையைக் கவிழ்த்தவற்றில் பேர் வாங்கியது அந்தத் துண்டு. இரண்டு ஆண்கள் துப்பாக்கிக்காகக் கட்டிப் புரண்டார்கள் என்கிறார்கள்; ஆனால் இறந்தவரின் இடுப்பில் துண்டு அவிழாமல் அப்படியே இருந்தது. ஈரத்துண்டை முடிச்சே போடாமல் சுற்றிக்கொண்டு குளியலறையிலிருந்து வருகிற யாருக்கும் இந்த வாதம் விளங்கும். இதோடு மார்பு, கை, தலை என மூன்று இடங்களில் காயம். ஒவ்வொரு முறையும் விசையை இழுத்தால்தான் வெடிக்கும் ஆயுதம். சில நொடிகளுக்குள் மூன்று வெடிச் சத்தம். வெளியே வந்தவர் அஹுஜாவின் சகோதரியிடம் ஐயோ கை தவறிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டடக் காவலாளியிடம், என் மனைவியோடு தொடர்பு வைத்திருந்தான், அதனால் கொன்றேன் என்ற பொருளில் பேசினார். போலீஸ் பதிவில் தன் பெயர் எழுத்துப் பிழையோடு இருந்ததைக் கவனித்துத் திருத்தவும் செய்தார். பித்துப் பிடித்த நிலையில் இருந்தேன் என்று சொல்பவருக்கு இந்தக் கடைசி விஷயம் ரொம்பச் சங்கடம்.

1961 நவம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கே. சுப்பா ராவ், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாகவும் பிறகு ஆந்திர உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாகவும் இருந்து வந்தவர். எஸ்.கே. தாஸும் ரகுபர் தயாளும் உடன் இருந்தார்கள். ஆத்திரமூட்டல் பற்றி இன்றுவரை வக்கீல்கள் மேற்கோள் காட்டுகிற பகுதி இதில்தான் இருக்கிறது. இங்கிலாந்துச் சட்டம் இந்த விஷயத்தில் கெடுபிடியானது. மனைவி தன் வாயால் ஒப்புக்கொண்டார் என்பது மட்டும் போதாது என்று 1946இல் ஹோம்ஸ் வழக்கில், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை சொல்லியிருந்தது. சுப்பா ராவ் அந்தக் கோட்டை அப்படியே இங்கே இழுக்கவில்லை. இந்தியாவில் சில சூழ்நிலைகளில் வெறும் வார்த்தையும் சைகையும்கூட ஆத்திரமூட்டல் ஆகலாம் என்றார். அளவுகோல் ஒரு நியாயமான மனிதன்; ஆனால் ஆகாயத்திலிருந்து குதித்த மனிதன் அல்ல, குற்றம் சாட்டப்பட்டவர் எந்தச் சமூக வட்டத்தைச் சேர்ந்தவரோ அதே வட்டத்து மனிதன், அதே இக்கட்டில் நிறுத்தப்பட்டவன். இறந்தவர் முன்பு செய்த செயல்கள் மனதில் ஏற்றி வைத்திருந்த பாரத்தையும் கணக்கில் எடுக்கலாம். கடைசியாக, உயிரைக் குடித்த அடி அந்த ஆவேசத்தின் பிடியிலேயே விழுந்திருக்க வேண்டும். ஆவேசம் ஆறி, யோசிக்கவும் திட்டமிடவும் இடம் கிடைத்த பிறகு அல்ல.

இந்த முடிவுக்கு வர அவர் புரட்டிய வழக்குகளில் நம் பக்கத்துப் பழைய வழக்குகளும் உண்டு. 1881இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், மனைவி இன்னொருவரோடு இருந்ததைக் கண்ட கணவன் அன்று இரவு சாப்பிடவே இல்லை. மறுநாள் கூலி வாங்கப் போன இடத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்து அரிவாளை எடுத்துவிட்டான். முந்தைய நாள் பார்த்ததையும் அன்று பார்த்ததையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று நீதிபதிகள் விலக்கைக் கொடுத்தார்கள். ஒரு இரவு கடந்திருந்தும் கொடுத்தார்கள்.

அப்படியென்றால் நானாவதிக்கு ஏன் கிடைக்கவில்லை? மூன்று மணி நேரம்தானே? கூலிக்காரனுக்கு ஆத்திரம் மறுபடி கண்ணெதிரே வந்து நின்றது. நானாவதி அதைத் தேடிப் போனார். மனைவி சொன்னபோது அவர் நிலைகுலைந்தார் என்பதைச் சுப்பா ராவ் மறுக்கவே இல்லை. வீட்டை விட்டுக் கிளம்பியது ஒன்றரை மணிக்கு, அஹுஜா செத்தது நாலு இருபதுக்கு என்று மட்டும் காட்டினார். நடுவில் பிள்ளைகளைப் பத்திரமாகத் தியேட்டரில் விட்டிருக்கிறார். திரும்ப அழைத்துப்போக நேரம் சொல்லியிருக்கிறார். பொய்க் காரணம் சொல்லி ஆயுதம் வாங்கியிருக்கிறார். ஆள் அலுவலகத்தில் இல்லை என்றதும் வீட்டுக்குப் போயிருக்கிறார். மனைவியின், பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பற்றி அஹுஜாவிடம் கேட்கப் போனேன் என்பது அவரே சொன்னது. எதிர்காலத்தை யோசிக்கிறவர் தன் வசத்தில்தான் இருக்கிறார் என்று அதையே திருப்பி வைத்தது கோர்ட். சரி, அறைக்குள் அஹுஜா சொன்னதாகச் சொல்லப்படும் அந்தப் பதில்? முதலில் திட்டியது நானாவதி. நாம் திட்டி, அதற்குத் திட்டு வாங்கினால் அது கொல்வதற்கான ஆத்திரமூட்டல் ஆகாது.

இன்னொன்றும் இருக்கிறது. 1959இல் அடுத்தவர் மனைவியோடு உறவு வைப்பது 497ஆவது பிரிவின்படி குற்றம்; ஐந்தாண்டு வரை சிறை உண்டு, புகார் கொடுக்கும் உரிமை கணவருக்கு. நானாவதி மாஜிஸ்திரேட்டிடம் ஒரு புகார் எழுதிக் கொடுத்திருந்தால் அஹுஜாதான் கூண்டில் நின்றிருப்பார். அந்தப் பிரிவை 2018இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த அமர்வில் இருந்த டி.ஒய். சந்திரசூட், நானாவதிக்கு எதிராக வாதாடிய அதே ஒய்.வி. சந்திரசூட்டின் மகன்.

இனி அரசியல். உயர் நீதிமன்றம் ஆயுள் விதித்த அதே நாளில், ஆளுநர் ஸ்ரீபிரகாசா, அரசமைப்புச் சட்டம் 161ஆவது பிரிவைப் பயன்படுத்தி, உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு முடியும் வரை தண்டனையை நிறுத்தி வைத்தார். சிறைக்குப் போகாமல் கடற்படைக் காவலிலேயே நானாவதி இருக்கலாம். கைது வாரண்டை எடுத்துப் போனவர் நிறைவேற்ற முடியாமல் திரும்பினார். சாதாரணக் கைதிக்கு ஒரு நாளில் இது நடக்குமா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. 1960 செப்டம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நான்குக்கு ஒன்று என்று, வழக்கு உச்ச நீதிமன்றத்தின் கையில் இருக்கும்போது ஆளுநர் இப்படிச் செய்ய முடியாது என்றது. அப்புறம்தான் அவர் மற்றவர்களைப் போலச் சிறைக்குப் போனார். 1964இல், அப்போது ஆளுநராக இருந்த விஜயலட்சுமி பண்டிட் மன்னிப்பு கொடுத்தார். கிட்டத்தட்ட அதே நேரத்தில் பாய் பிரதாப் என்ற சிந்தி வணிகருக்கும் மன்னிப்பு கிடைத்தது. அஹுஜாவும் சிந்தி என்பதால் இரண்டையும் சேர்த்தே பேசுவார்கள். நானாவதி குடும்பத்தோடு கனடா போய்விட்டார். 2003இல் இறந்தார்.

இதுதான் இந்தியாவின் கடைசி ஜூரி வழக்கு என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அப்படி இல்லை. ஜூரி முறை ஏற்கெனவே தேய்ந்துகொண்டிருந்தது. இதற்குப் பிறகும் சில இடங்களில் ஜூரி விசாரணை நடந்தது. 1973இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில்தான் முற்றிலும் போனது. பார்சி திருமண வழக்குகளில் மட்டும் சமூகப் பிரதிநிதிகள் நீதிபதியோடு உட்காரும் ஏற்பாடு நீடித்தது. நானாவதியும் பார்சிதான்.

எனக்கு இந்தத் தீர்ப்பில் நெருடுவது அந்தக் கடிகாரம். நானாவதி விஷயத்தில் அது சரியாகவே ஓடியது. ஆனால் ஆவேசம் உடனே வந்து உடனே வெடிக்க வேண்டும் என்பது, கை ஓங்கப் பழகியவர்களுக்குத் தோதான விதி. வருஷக்கணக்கில் அடி வாங்கி, ஒரு நாள் ஒன்றுமே இல்லாத ஒரு வார்த்தைக்கு உடைந்துபோகிறவருக்கு அதில் இடம் எங்கே?

சென்னை உயர் நீதிமன்றம் 1989இல் இதைச் சந்தித்தது. கணவன் கொடுமை தாங்காமல் பிள்ளைகளோடு கிணற்றில் குதித்த ஒரு பெண், பிள்ளைகள் போய்விட்டார்கள், அவர் பிழைத்துக்கொண்டார், கொலை வழக்கு. விலக்கு 1ஐ எழுத்துப்படி படித்தால் ஒன்றும் பொருந்தாது. திடீர் இல்லை. அதைவிட, ஆத்திரமூட்டியது கணவன், செத்தது பிள்ளைகள். ஒருவர் மேல் உள்ள கோபத்தில் அவர் குழந்தையைக் கொன்றால் அது கொலைதான் என்று அந்த விலக்கின் முதல் எடுத்துக்காட்டே சொல்கிறது. ஆனால் நல்லதங்காள் கதை தெரிந்த ஊரில் அந்தப் பெண்ணைக் கூலிக்கொலைகாரர்களோடு ஒரே வரிசையில் நிறுத்த நீதிமன்றத்துக்கு மனம் வரவில்லை. தொடர்ந்து வரும் ஆத்திரமூட்டல் என்பது விலக்கு 1 பேசுவது அல்ல, நீதிமன்றங்கள் சேர்த்துக்கொண்ட தனி வகை என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டு குற்றத்தை 304க்கு இறக்கியது. நல்லதங்காள் பேரையே வைத்து இந்த நிலையைக் குறிப்பிடும் வழக்கம் பிந்தைய சென்னைத் தீர்ப்புகளிலும் தொடர்கிறது.

உச்ச நீதிமன்றம் 2022இல், சத்தீஸ்கரில் குடிகாரச் சகோதரனைக் கொன்ற ஒருவரின் வழக்கில், நானாவதி தீர்ப்பையே எடுத்து வைத்துக்கொண்டு, கடைசி நிமிடத்தை மட்டும் பார்க்காமல் சேர்ந்து வந்த ஆத்திரத்தையும் பார்க்க வேண்டும் என்று சொல்லி 302ஐ 304 ஆக்கியது. 1961இல் சுப்பா ராவ் எழுதிய அந்த மனப்பாரம் பற்றிய வரியால், அதை எழுத வைத்த கடற்படை அதிகாரிக்குப் பயன் இல்லை, மற்றவர்களுக்கு இருக்கிறது.

2024 ஜூலை 1 முதல் இந்தப் பிரிவுகள் எண் மாறிவிட்டன. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 300 என்பது 101, 302 என்பது 103(1), 304 என்பது 105. 304இன் முதல் பாகத்துக்கு இப்போது குறைந்தபட்சம் ஐந்தாண்டு என்று ஒரு தரை போட்டிருக்கிறார்கள். ஆத்திர விலக்கில் மட்டும், கடுமையான, திடீரான என்ற அந்த இரண்டு நிபந்தனைகளையும் 1860இல் இருந்தபடியே வைத்திருக்கிறார்கள்.